இயற்கை என்று எழுதினால் மட்டும் போதுமா? பருவும் நம் சோப்பும்



உழவர் பத்திரிகையில் முகப்பரு பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். "என்ன சார், ரிட்டையர் ஆன வயசுல அழகுக் குறிப்பா?" என்று நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். விதை, மண், தண்ணீர், விலை என்று பேச நமக்கு ஆயிரம் விஷயம் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் இப்போது நெல்லும் காய்கறியும் மட்டும் விற்பதில்லை. நலங்கு மாவு, குளியல் பொடி, வேம்புச் சோப்பு, கற்றாழைச் சோப்பு, செக்கு எண்ணெய் என்று ஒவ்வொரு சந்தையிலும் ஒரு மேசை நிறைய வைக்கிறோம். மதிப்புக் கூட்டுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், கூட்டினோம். கூடவே நம் வாய்ச்சொல்லையும் கூட்டிவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

எனக்கு ஆவடியில் வீடு. 32 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், திருநின்றவூரைத் தாண்டி ஒன்றரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். தூயமல்லியும் பூங்காரும் போடுகிறேன். வரப்போரம் ஆவாரை, வேலியோரம் கற்றாழை, கொஞ்சம் வெட்டிவேர், பத்துப் பன்னிரண்டு தென்னை. நாங்கள் சில உழவர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் அம்பத்தூரில் கடை போடுகிறோம். உண்மையைச் சொன்னால், அரிசியில் நின்ற லாபத்தைவிடச் சோப்பில் நின்ற லாபம் அதிகம். அதனால்தான் இதைச் சொல்லத் தயக்கமும் இருந்தது.

நான் போட்ட ஜாமீன் கையெழுத்து

போன வருடம் ஒரு ஞாயிறு, வழக்கமாக அரிசி வாங்கும் ஒரு அம்மா மகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. கொரோனா முடிந்து இவ்வளவு நாளாகியும் முகத்தில் மாஸ்க்.

"சார், பொண்ணுக்கு முகமெல்லாம் பரு. டிவில வர்ற எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டோம். உங்ககிட்ட கெமிக்கல் இல்லாதது எதுனா இருக்கா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதுல கெமிக்கலே கிடையாதும்மா. நம்ம தோட்டத்து வேம்பு, கற்றாழை. பயமில்லாம போடச் சொல்லுங்க. ராத்திரி செக்குத் தேங்கா எண்ணெய லேசா தடவிட்டுப் படுக்கட்டும்" என்றேன். மூன்று சோப்பும் அரை லிட்டர் எண்ணெயும் ஒரு பொட்டலம் நலங்கு மாவும் கொடுத்து அனுப்பினேன். நல்லது செய்த திருப்தி வேறு.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா மட்டும் வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார், நீங்க குடுத்தது அவளுக்கு ஒத்துக்கல போல. கன்னமெல்லாம் உரியுது, நெத்தியிலயும் தாடையிலயும் சீழ் வச்சிருக்கு. நடுவுல மருந்துக் கடையில ஒரு கிரீம் குடுத்தாங்க. ஒரு வாரம் பளிச்சுனு இருந்துச்சு, விட்டதும் முன்னைவிட மோசம். இப்ப வேலைக்கே போக மாட்டேங்கிறா."

கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் தைத்தது. வங்கியில் இருந்தபோது, ஸ்டாக்கைப் போய்ப் பார்க்காமல் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட மேனேஜர்களை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! இங்கே நான் போட்டதும் அதே மாதிரிக் கையெழுத்துதான். அந்தத் தோலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் சோப்பு அதற்கு என்ன செய்யும் என்று எப்போதாவது பார்த்தேனா?

நானும் கூடப் போய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டினோம். என் சோப்பையும் எண்ணெயையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். மருத்துவர் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க விஷம் விக்கிறீங்கன்னு சொல்லல. இந்தத் தோலுக்கு இது வேணாம்னு சொல்றேன்."

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன், கேட்டேன். நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. வயலில் தெரிந்த விஷயத்தைத்தான் முகத்தில் மறந்திருக்கிறோம்.

பரு அழுக்கில்லை

முதலில் ஒன்று. பரு வருவது முகம் கழுவாததால் அல்ல. பருவ வயதில் உடம்பில் ஆண்ட்ரோஜன் என்ற சுரப்பு கூடுகிறது. ஆண், பெண் இருவருக்கும் உண்டு. அது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. முடி முளைக்கும் துளையின் வாயில் இறந்த செல்களும் இந்தப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக் கொள்கின்றன. தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கிறது, சிவந்து வீங்குகிறது. மதகு அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் நடக்கிற கதைதான்.

அதனால் "நல்லா தேச்சுக் கழுவு" என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. மதகை உடைத்து அடைப்பெடுக்க முடியாது. தேய்த்தால் புண்ணாகும், கிள்ளினால் வடுவாகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வேர்த்து வந்தால் இன்னொரு தடவை, விரலால் மெதுவாகக் கழுவினால் போதும்.

தோலும் ஒரு மண்தான்

நம்மில் யாருக்கும் பி.எச். என்றால் விளக்க வேண்டாம். மண் பரிசோதனை அட்டையில் முதலில் பார்ப்பதே அதைத்தான். களர் நிலத்தில் எந்தப் பயிர் வாழும், எது சாகும் என்று நமக்குத் தெரியும். ஆரோக்கியமான தோலின் பி.எச். ஏறத்தாழ 5. அதாவது லேசான புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் தோலின் காப்பும் அதில் வாழும் நல்ல நுண்ணுயிர்களும் நிலைக்கின்றன. சோப்பின் பி.எச். 9-லிருந்து 10 வரை. கடைச் சோப்பானாலும் சரி, நம் கையால் செய்த சோப்பானாலும் சரி.

இதில் நாம் ஒளிக்கிற ஒரு விஷயம் உண்டு. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேராமல் சோப்புக் கட்டி கிடையாது. நாம் எல்லாருமே காஸ்டிக் சோடா வாங்கித்தான் சோப்பு காய்ச்சுகிறோம். அளவு சரியாக இருந்து, நாள் பார்த்து உலரவிட்டால் காரம் எண்ணெயோடு முழுக்கச் சேர்ந்து மீதி நிற்காது, அதில் குற்றமில்லை. ஆனால் அட்டையில் "கெமிக்கல் இல்லாதது" என்று அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்? யூரியா போட்ட நெல்லை இயற்கை நெல் என்று ஒருவன் விற்றால் நாம் சும்மா விடுவோமா?

பரு வரும் தோல் ஏற்கெனவே வீங்கிப் புண்பட்ட தோல். அதில் காரச் சோப்பைத் தேய்க்கத் தேய்க்கக் காய்ந்து உரியும், எரியும். அந்தப் பெண்ணின் கன்னத்தில் நடந்தது அதுதான். முகத்துக்குச் சோப்பு அல்லாத மென்மையான கழுவும் திரவம் நல்லது என்று தோல் மருத்துவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான்.

எண்ணெய் விஷயம்

தேங்காய் எண்ணெயைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வறண்ட தோலுக்கு, குளிரில் வெடிக்கும் கை கால்களுக்கு அது நல்லதுதான். ஆனால் பரு வரும் முகத்துக்கு அது ஒத்து வருவதில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், 1972-ல் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து, அழகுப் பொருட்களாலேயே பரு வருகிறது என்று எழுதினார். எந்தப் பொருள் துளையை அடைக்கிறது என்று முயலின் காதில் தடவிச் சோதித்தார்கள். இந்த வகைச் சோதனைகளில் அடைக்கும் பொருட்களின் வரிசையில் தேங்காய் எண்ணெய் மேலே வந்தது. முயல் காதும் மனித முகமும் ஒன்றல்ல, ஆகவே அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் பரு உள்ளவர் முகத்தில் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிடச் சொல்வதற்கு நம்மிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

தலைக்கு வைக்கும் எண்ணெயும் அப்படியே. நெற்றியோரத்தில், காது முன்னால், முடி விழும் இடத்தில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வந்தால் தலை எண்ணெயைச் சந்தேகிக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளுக்கு வழிய வழிய எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி அனுப்புவது நம் ஊர் வழக்கம். எண்ணெயை விட வேண்டாம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடட்டும். தலையணை உறையை அடிக்கடி மாற்றட்டும். காசு செலவில்லாத வைத்தியம்.

நலங்கு மாவில் என்ன இருக்கிறது?

பாசிப்பயறு மாவு சோப்பைப் போலக் காரமில்லை. அந்த வகையில் நல்லது. ஆனால் நாம் அரைக்கிற விதத்தில் கோளாறு இருக்கிறது. மிஷினில் கொரகொரவென்று அரைத்து அப்படியே பொட்டலம் போடுகிறோம். பரு உள்ள முகத்தில் அது மணல் தாள் மாதிரி. பழைய வைத்தியர்கள் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்தார்கள். நாம் அந்த வேலையை மிச்சம் பிடித்தோம். சரியாக உலராத ரோஜா இதழையும் ஆவாரம்பூவையும் சேர்த்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கியவர் ஈரக்கையை டப்பாவில் விட்டாலும் பிடிக்கும்.

இன்னொன்று முக்கியம். நம் பலருடைய பட்டியலில் கார்போக அரிசி இருக்கிறது. சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் மருந்து அது. அதில் உள்ள சோரலென் என்ற பொருள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கருக்கும், கொப்பளிக்கும். வெண்புள்ளிக்கு அதுதான் மருந்தாகும் வழி. ஒரு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியதை, முகம் பளபளக்க என்று தினசரிப் பொடியில் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் கொடுக்கிறோம். நானும் போட்டேன். யாரோ கொடுத்த குறிப்பு, யோசிக்காமல் போட்டேன்.

கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான். அசல் கஸ்தூரி மஞ்சள் கிழங்கின் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாசனை வீசும். நாட்டு மருந்துக் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில் நிறைய, நல்ல மஞ்சள் நிறத்தில் உள்ள வேறு கிழங்கு. கேரளத்தில் மஞ்சக்கூவை என்பார்கள். நாம் விளைவிக்காததை வாங்கிச் சேர்க்கும்போது அது எது என்றுகூடப் பார்ப்பதில்லை. கற்றாழையை மடலோடு வெட்டி, மஞ்சள் பாலை வடியவிடாமல் தடவினால் அரிக்கும். வேப்பெண்ணெய் நேரடியாகப் பட்டால் சிலருக்குத் தடிக்கும். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் கருகும். இத்தனையும் இயற்கைதான்.

அளவுதான் மருந்து

பஞ்சகவ்யம் எவ்வளவு அடிப்பீர்கள்? நூற்றுக்கு மூன்று. கொடுமுடி மருத்துவர் நடராசன் சொல்லிக்கொடுத்த அளவு இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்லதுதானே என்று நூற்றுக்குப் பத்து அடித்தால் இலை கருகும். அதேதான் இங்கேயும்.

பருவுக்கு மருத்துவர்கள் எழுதும் மருந்துகளில் பழையது பென்சாயில் பெராக்சைடு. இது 2.5 சதம், 5 சதம், 10 சதம் என்று வருகிறது. 2.5 சதம் கிட்டத்தட்ட 10 சதத்தின் வேலையைச் செய்கிறது, எரிச்சல் குறைவு என்று 1980-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சாலிசிலிக் அமிலம் துளையின் அடைப்பை இளக்கும். அதன் குடும்ப வரலாறு வில்லோ மரப்பட்டையில் தொடங்குகிறது. அசிலாயிக் அமிலம் என்று ஒன்று உண்டு, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் பொருள். கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்பதற்காக ஒரு பொருள் விஷமாகாது. பாட்டி பெயர் வைத்ததால் மட்டும் மருந்தாகவும் ஆகாது.

செடியிலிருந்து வந்த பொருளையும் முறையாகச் சோதிக்க முடியும். ஆஸ்திரேலியாவில் 1990-ல் 124 பேரிடம் 5 சதம் தேயிலை மர எண்ணெய் ஜெல்லையும் 5 சதம் பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. இது நம் தேயிலை அல்ல, அந்த நாட்டு மரம் ஒன்றின் எண்ணெய். எத்தனை பேர், எத்தனை சதம், எத்தனை வாரம் என்று எழுதி வைத்ததால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது. என் வேம்புச் சோப்பில் வேம்பு எத்தனை சதம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நம் மஞ்சள் வழக்கை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997-ல் அது ரத்தானது. எங்கள் பாட்டி சொன்னாள் என்று சொல்லியா ஜெயித்தோம்? பழைய வடமொழி நூல் முதல் 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரை வரை எடுத்து வைத்து ஜெயித்தோம். வேம்பு வழக்கிலும் அப்படித்தான், ஐரோப்பாவில் 2005-ல் முடிவாக வென்றது. ஆதாரம் கேட்டு ஜெயித்தவர்கள் நாம். எண்டோசல்பான் விற்றவர்களும் அது பாதுகாப்பானது என்றுதான் சொன்னார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போடும்வரை, ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அதே கேள்வியை நம் மேசையில் வைத்திருக்கும் சோப்பைப் பார்த்துக் கேட்க ஏன் கூச்சம்?

வாங்குபவர் என்ன பார்க்கணும்?

நம் வீட்டிலும் பருவ வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முகத்துக்கு மூன்று பொருள் போதும். சோப்பு அல்லாத, வாசனை அதிகமில்லாத கழுவும் திரவம் ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஜெல் மாதிரியான மாய்ச்சரைசர் ஒன்று. "பருவுக்கு எதுக்கு மாய்ச்சரைசர்?" என்று நானும் கேட்டேன். பரு மருந்து தோலைக் காய வைக்கும்; காய்ந்தால் பிள்ளை மருந்தையே நிறுத்திவிடும், அதனால்தான். மூன்றாவது, வெயிலில் போகிறவர்களுக்கு ஜெல் சன்ஸ்கிரீன். பரு ஆறிய இடத்தில் கருப்புத் தழும்பு நம் நிறத்தவர்களுக்கு அதிகம் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கருக்கும்.

அட்டையில் "நான்-காமெடோஜெனிக்" என்று இருந்தால், துளையை அடைக்காதது என்று கம்பெனி சொல்கிறது என்று பொருள். அரசு கொடுத்த சான்று என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் தேடத் தொடங்க அது ஒரு வழி. முன்பக்கத்து வேப்பிலைப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும். வேம்பு கடைசி வரியில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாததைத் தொடாதீர்கள், நம் மேசையில் இருந்தாலும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அதை மட்டும் தொடங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். தழையுரம் போட்டு மறுநாளே நெல் பச்சை பிடிக்கவில்லை என்று நாம் உழுது போடுகிறோமா?

மருந்துக் கடையில் சிட்டை இல்லாமல் தரும் "பரு கிரீம்", "வெள்ளையாக்கும் கிரீம்" பற்றி உஷார். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. போட்டதும் சிவப்பு அடங்கிப் பளிச்சென்று ஆகும். விட்டதும் பொங்கி வரும், தோல் மெலியும், முகத்தில் முடி முளைக்கும். தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் வேறு. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது 2023-ல் செய்தியானது.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "தினை தின்றால் பரு போகும்" என்று போர்டு எழுதிவிடலாம் என்று! நம் மனசு அப்படித்தான் ஓடுகிறது. அந்த ஆய்வில் தினை இல்லை. சோடா, மைதா, இனிப்பைக் குறைத்துச் சிறுதானியம் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கட்டி கட்டியாக வலிக்கும் பரு, வடு விழும் பரு, பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுவதோடும் முகத்தில் முடியோடும் வரும் பரு, பிள்ளை வெளியே வரவே கூச்சப்படும் பரு என்றால் காத்திருக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் போக வேண்டும். நம் பக்கத்து மக்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. பருவுக்கான சில மாத்திரைகளும் பூச்சுகளும் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ அப்படி எண்ணம் இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாம் என்ன செய்யணும்?

நம் பங்கேற்புச் சான்றும் மற்ற இயற்கைச் சான்றுகளும் ஒரு செடி எப்படி வளர்ந்தது என்று சொல்கின்றன. அது ஒருவர் முகத்தில் என்ன செய்யும் என்று சொல்வதில்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம். இதற்கு நான் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று, நம் சந்தைகளில் எந்தச் சோப்பிலும் பொடியிலும் "பருவுக்கு", "தோல் நோய்க்கு", "பக்க விளைவு இல்லை" என்று எழுதக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது. "கெமிக்கல் இல்லாதது" என்ற சொல்லையே எடுத்துவிடுவோம்.

இரண்டு, சேர்மானம் முழுவதையும் எழுதுவோம். காஸ்டிக் சோடாவையும் சேர்த்து. செய்த தேதியும் போடுவோம். கார்போக அரிசியைத் தினசரிப் பொடிகளிலிருந்து நீக்குவோம்.

மூன்று, உரிமம். 2020-ன் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி சோப்பு செய்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். கைவினைச் சோப்பு என்பதால் விலக்கு கிடையாது. நான் இல்லாமல்தான் விற்றேன். ஒவ்வொரு சின்ன உழவரும் தனித்தனியாக இதைச் செய்ய முடியாது என்பது உண்மை. பத்து உழவர் சேர்ந்தால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகச் செய்தால், முடியும். இதற்கு நம் இயக்கம் வழிகாட்ட வேண்டும். சின்னவர்களுக்குக் கட்டணமும் இடவசதி நிபந்தனையும் எளிதாக வேண்டும் என்று அரசிடம் கேட்கவும் வேண்டும். விதியே தெரியாத மாதிரி நடந்துகொண்டு கேட்க முடியாது.

நான்கு, ஒத்துக்கொள்ளாமல் போனவரின் குறையை எழுதி வைக்க ஒரு நோட்டு. விதைத் திருவிழாவில் எந்த ரகம் எந்த மண்ணில் தோற்றது என்று நாம் வெளிப்படையாகப் பேசவில்லையா? அதே மாதிரி.

"சார், பெரிய கம்பெனிக்காரன் கோடிக்கணக்குல பொய் விளம்பரம் பண்றான், நாம நாலு சோப்பு விக்கிறதுல என்ன கணக்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. சிவப்பழகு என்ற ஆசையை ஐம்பது வருடமாக விதைத்து அறுவடை செய்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த அம்மா அவர்களை நம்பி ஏமாந்த பிறகுதானே நம் மேசைக்கு வந்தார்? நம்மிடமும் ஏமாந்தால் அவர் அடுத்து எங்கே போவார்? விளம்பரம் செய்ய நமக்குக் காசில்லை. இருக்கிற ஒரே முதல், வார்த்தை.

"லாபம் போகுமே?" என்றால், போகும். எனக்குப் போனது. பருவுக்கு இல்லை என்று சொல்லத் தொடங்கி, உரிமம் வரும்வரை விற்பனையையும் நிறுத்தியபின் மாதக் கணக்கு இளைத்துவிட்டது. அரிசியையும் எண்ணெயையும் வைத்துத்தான் ஓட்டுகிறேன். எண்ணெய் பாட்டிலில் சமையலுக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து பிடித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. பரு முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தாடையில் தழும்பு இருக்கிறது. வேலைக்குப் போகிறாள். போன மாதம் கடைக்கு வந்தாள், மாஸ்க் இல்லை.

"அங்கிள், சோப்பு இல்லையா? அம்மாவுக்குக் குளிக்க அதுதான் பிடிக்குமாம்."

"லைசென்ஸ் வரட்டும்மா, அப்புறம் தர்றேன். முகத்துக்கு வேணாம்னு அட்டையிலயே போட்டுடுவேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ தூயமல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

சோப்பும் பொடியும் செய்கிற உழவர்கள் உங்கள் சேர்மானப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். என் பட்டியலை நான் முதலில் வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள். நான் சொன்னதில் தவறிருந்தாலும் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.